இடமிருந்து ஐந்தாவது

ஏழு கல்லூரிகள் சேர்ந்து தங்கள் பழைய படங்களையெல்லாம் ஸ்கேன் செய்து ஒரே பட்டியலில் ஏற்றுவது என்று முடிவான நாளிலிருந்து, அவளோடு வேலை செய்பவர்கள் ஆறு பேர். ஒருவர் முகத்தையும் அவள் பார்த்ததில்லை. யாருக்கும் பெயர் கிடையாது, ஆளுக்கொரு எண்தான். மூன்றாம் கல்லூரிக்காரருக்கு மட்டும் அவள் மனதுக்குள் கால்புள்ளி என்று பெயர் வைத்திருந்தாள். ஒரு கால்புள்ளி இடம் மாறினாலும் மனிதர் பதிவைத் திருப்பி அனுப்பிவிடுவார். ஆனாலும் நாள் முழுக்க அவளோடு நாலு வார்த்தை பேசுகிற ஆள் அவர்தான், அதுவும் திரையில் இருக்கும் குறிப்புக் கட்டத்தில்.

அவள் வேலை பார்க்கும் கல்லூரி நூலகத்தின் பின்பக்க அறை அவளுடையது. ஒரு கணினி, ஒரு ஸ்கேனர், திறக்க வராத ஒரு ஜன்னல். மதியம் திரையைப் பார்த்தபடியே சாப்பிட்டு முடிப்பாள். மாதம் ஒருமுறை அண்ணன் போன் செய்து, "நல்லா இருக்கியா?" என்பார். "நல்லா இருக்கேண்ணா" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள், "சரி, பாத்துக்கோ" என்று வைத்துவிடுவார். ஐம்பத்திரண்டு வயதில் இது போதாதா என்று அவள் தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டு ரொம்ப நாளாகிறது.

அன்று சரிபார்க்க வந்த படம் மூன்றாம் கல்லூரியினுடையது. விடுதி மாடிப்படியில் எட்டுப் பெண்கள். பார்த்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் படித்த கல்லூரி அது. இடமிருந்து ஐந்தாவதாக நிற்பது சாட்சாத் அவளேதான். நான்காவதாக நிற்பது அவளுடைய அறைத்தோழி. இவள் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக நிற்கிறாள்.

கீழே ஏழு பேருக்குப் பெயர் இருந்தது. ஐந்தாவதற்கு நேரே "அடையாளம் தெரியாதவர்" என்றிருந்தது. அதற்கும் கீழே ஒரு வரி: "தகவல் தந்தவர்: நான்காவதாக நிற்பவர்."

மூன்று வருடம் ஒரே அறை, ஒரே வாளி, ஒரே சீப்பு. தோளில் கை போட்டவளுக்கே ஆள் தெரியவில்லையாம்! அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம். ஆனால் கோபப்பட அவளுக்கு முகம் ஏது? கடைசித் தேர்வில் இவள் தோற்றாள், தோழி தேறி வேலைக்குப் போனாள். போன இடத்திலிருந்து மூன்று கடிதம் போட்டாள். பாஸ் பண்ணிவிட்டுப் பதில் எழுதலாம் என்று இவள் தள்ளிப்போட்டாள். பாஸ் பண்ணியபோது, இத்தனை நாள் ஏன் எழுதவில்லை என்று கேட்டால் என்ன சொல்வது என்று தெரியவில்லை. அப்படியே முப்பது வருடம் ஓடிவிட்டது.

பட்டியலில் ஒரு சட்டம் உண்டு. படத்தில் இருப்பவருக்குப் பெயர் சேர்த்தால், அவரை அறிந்த வேறொருவர் ஆம் என்று சொல்ல வேண்டும். அதுவரை பெயர் ஏறாது. அவள் தன் பெயரைத் தட்டினாள். எப்படித் தெரியும் என்ற கட்டத்தில் நானேதான் என்று எழுத வெட்கமாக இருந்தது. "நேரில் பழக்கம்" என்று எழுதி அனுப்பிவிட்டாள். பொய்யில்லையே.

கால்புள்ளி இனித் தோழியிடம்தான் கேட்டாக வேண்டும். ஒன்பது நாள் போயிற்று. காலையில் வந்து பையைக்கூட வைக்காமல் அந்தப் படத்தைத்தான் திறப்பாள். யாரென்றே நினைவில்லை என்று தோழி சொல்லிவிட்டால்? அந்தப் படத்துக்குப் பிறகு இவள் தோளில் வேறு யாரும் கை போட்டதில்லை. அந்த ஒருத்தியும் மறந்துவிட்டால், தன்னை நினைத்துப் பார்க்க இந்த உலகத்தில் ஆளே இல்லை என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

பத்தாம் நாள் கால்புள்ளியிடமிருந்து குறிப்பு வந்தது. "அந்த அம்மாள் ஆம் என்று உறுதி செய்துவிட்டார். போனில் அவர் பேசியதை அப்படியே எழுதச் சொன்னார், எழுதியிருக்கிறேன்." அதன் கீழே:

"அவ பேரு எனக்குத் தெரியாமலா? மூணு லெட்டர் போட்டேன். பதிலே இல்ல. எம்மேல என்ன கோபமோ. நான் போய் அவ பேரச் சொன்னா அவளுக்குப் பிடிக்குமோ பிடிக்காதோன்னு விட்டுட்டேன். உங்களுக்கு அவள நேர்ல பழக்கமாமே. எங்க இருக்கா? நல்லா இருக்காளா?"

அத்தனை வரியிலும் மனிதர் ஒரு கால்புள்ளிகூடச் சேர்க்கவில்லை.

பதில் கட்டத்தில் அவள் "நன்றாக இருக்கிறார்" என்று தட்டினாள். அண்ணனுக்குச் சொல்கிற அதே பதில். அதைப் பார்த்ததும் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. எழுத்தெழுத்தாக அழித்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி தட்டினாள்.

"நல்லா இல்லடி."

அனுப்பப் போனால் பட்டியல் ஏற்க மறுத்தது. கீழே ஒரு கட்டம் காலியாக இருந்தது. தகவல் தந்தவர்.

"ஐந்தாவதாக நிற்பவர்" என்று எழுதி அனுப்பினாள்.