சலங்கை வராத ஸ்பீக்கர்

வண்டி வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே என் வீட்டுக்காரருக்கு அதன் ஸ்பீக்கர் மேல்தான் கோபம். குறை சொல்ல அந்த வண்டியில் வேறு எவ்வளவோ இருந்தது. செகண்ட் ஹேண்டில் வாங்கிய பிக்கப். பின்கதவுக் கொண்டி விழாது. மழை பெய்தால் வைப்பர் பாதிக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மீதியை நமக்கே விட்டுவிடும். அதெல்லாம் அவர் கண்ணில் படவில்லை. “கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான். ஸ்பீக்கரா இது? சலங்கையே வரல” என்பதே பேச்சாக இருந்தது.

அது என்ன சலங்கை என்று சொல்லிவிடுகிறேன். அருப்புக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர்ப் பொங்கலில் ஆடிய கரகாட்டத்தை யாரோ பதிவு செய்து சிடி போட்டு விற்றார்கள். அதில் ஓரிடத்தில் மேளமும் நாயனமும் நின்றுபோய் சலங்கை மட்டும் கொஞ்ச நேரம் தனியாக வரும். இவர் அந்த இடத்துக்காகவே சிடியைப் போடுவார். அது வரும்போது கழுத்தை முன்னால் நீட்டிக்கொண்டு காத்திருப்பார். பிறகு வாய்க்குள் ஏதோ திட்டிவிட்டு அணைத்துவிடுவார். அந்தச் சலங்கை எனக்குக் கேட்கத்தான் செய்தது, கொஞ்சம் அமுங்கினாற்போல. அதைச் சொன்னால், உனக்கு என்ன தெரியும் என்பார். சரி, எனக்கு என்ன தெரியும் என்று விட்டுவிட்டேன்.

அவர் பெயர் வெள்ளைச்சாமி. நான் வாயால் சொன்னதில்லை, எழுதுவதற்கு என்ன. ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் எங்கள் லைன் வீடுகளில் அவரைத் தெரியாதவர் கிடையாது. சாதாரணமாகப் பேசினாலே தெருக்கோடிவரை கேட்கும். பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தவர். இரும்புத் தகட்டை மெஷினுக்குள் தள்ளினால் மேலிருந்து இறங்கி அடிக்கும், கார் பாகமாக வெளியே வரும். ஒருமுறை ஆயுத பூஜைக்குக் குடும்பத்தோடு உள்ளே விட்டார்கள். எல்லா மெஷினும் நின்றிருந்தன, காட்டுவதற்காக ஒன்றை மட்டும் ஓட்டினார்கள். அந்த ஒரு அடியிலேயே கையிலிருந்த சுண்டல் பொட்டலத்தைக் கீழே போட்டுவிட்டேன்.

அங்கே யாரும் காதால் பேசிக்கொள்வதில்லை. உதட்டைப் பார்த்துத்தான் பேச்சு. “தூரத்துல நின்னு சூப்பர்வைசர் என்ன வையிறான்னு உதட்ட வச்சே சொல்லிருவேன்” என்று இவர் பெருமையடிப்பார். காதில் வைக்கிற அடைப்பான் ஸ்டோரில் பூட்டிக் கிடக்கும். வெளியாட்கள் ஆடிட்டுக்கு வரும் நாளில் மட்டும் எடுத்துக் கொடுப்பார்கள், சாயங்காலம் எண்ணித் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். இவர்களும் சும்மா இல்லை. காதை அடைத்துக்கொண்டால் மெஷின் தப்பாக அடிப்பது எப்படித் தெரியும் என்று அதை ஒரு கௌரவமாகவே வைத்திருந்தார்கள். கடைசியில் கம்பெனி அந்தப் பிரஸ் ஷாப்பை மூடி, செட்டில்மென்ட் கொடுத்து எல்லோரையும் அனுப்பியது. அதில் வாங்கியதுதான் இந்த பிக்கப். பேரிகை ஊரிலிருந்து தக்காளியும் கோஸும் ஏற்றி வந்து ஓசூர் மார்க்கெட்டில் இறக்குவார். திரும்பி வந்து, என்னைக் கார்மென்ட்ஸிலும் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலும் விடுவார்.

பிள்ளை பெயர் வினிதா. இரண்டாம் வகுப்பு. அந்த வருஷம் அவளுக்கு முன்பற்கள் இரண்டும் விழுந்தன. வகுப்பில் எவளோ பொக்கைவாய் என்று சிரித்திருக்கிறாள். அன்றிலிருந்து பேசும்போதெல்லாம் உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் பேசுவாள். முதலில் பார்க்க அழகாகத்தான் இருந்தது.

வண்டியில் நடுவில் அவள், ஓரத்தில் நான். மூன்று பேரும் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். அவள் கையைப் பொத்திக்கொண்டு ஏதாவது கேட்பாள். இவர், “என்ன முணங்குற? கைய எடு. கைய எடுத்துட்டுப் பேசு” என்பார். அவள் பயந்து இன்னும் இறுக்கிப் பொத்திக்கொள்வாள். “கைய எடுன்னு சொன்னேன்ல?” என்று பின்மண்டையில் ஒரு அடி விழும். முதலில் தட்டு, பிறகு அடி, பிறகு அறை. ஒருநாள் கன்னத்தில் அவர் விரல் பதிந்துபோய், பள்ளிக்கூட வாசலில் நான் பவுடர் பூசி அனுப்பினேன்.

நான் சும்மா இருக்கவில்லை. “பிள்ள தெளிவாத்தான் பேசுது. உங்களுக்கு என்ன பேய் பிடிச்சிருக்கு?” என்று முகத்துக்கு நேராக நின்று கத்தியிருக்கிறேன். முகத்துக்கு நேராக நின்றால் ஒரு வார்த்தை விடாமல் பதில் தருவார். “திமிரு. அப்பன் கேட்டா வாயத் தொறக்காத திமிரு. நீ குடுக்குற செல்லம்” என்பார். அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் மட்டும் கல்லுப் பிள்ளையார்போல உட்கார்ந்திருப்பார். கூப்பிட்ட குரலுக்குத் திரும்பாத புருஷன் உலகத்தில் எனக்கு மட்டுமா வாய்த்தான் என்று அதையும் விட்டுவிட்டேன். லாரி ஹாரனுக்கு ஒதுங்குகிறவர், பின்னால் ஸ்கூட்டிக்காரி எவ்வளவு அடித்தாலும் ஒதுங்க மாட்டார். அதற்கும் அவளைத்தான் திட்டுவார்.

வினிதா பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தாள். வண்டியில் நின்றது, பிறகு வீட்டிலும் நின்றது. வாசிக்கச் சொன்னால் எழுந்து நிற்கிறாள், சத்தம் வரவில்லை என்று டீச்சர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். “வீட்ல ஏதாவது பிரச்சினையா?” என்று கேட்டார். எனக்கு அந்த நாற்காலியிலேயே செத்துவிடலாம்போல இருந்தது.

இதற்கு நடுவில் இவர் ஸ்பீக்கர் மாற்றிக்கொண்டிருந்தார். பாகலூர் ரோட்டில் மாதேஸ்வரன் என்ற பையன் வண்டிகளுக்குப் பாட்டு செட் மாட்டும் கடை வைத்திருந்தான். பையன் என்றால் கல்யாணமாகிக் குழந்தை உள்ளவன். முதலில் கதவில் இருந்த கம்பெனி ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டுப் புதிதாகப் போட்டான். சலங்கை வரவில்லை. அடுத்து டேஷ்போர்டின் இரு மூலையிலும் சின்னதாக இரண்டு ட்வீட்டர் வைத்தான். சலங்கை வரவில்லை. ட்வீட்டர் செத்தது என்று இவர் போய்ச் சண்டை போட, வேறு ஜோடி மாற்றிக் கொடுத்தான். அப்போதும் வரவில்லை. ஆனால் எனக்கு இப்போது சலங்கை பளிச்சென்று கேட்டது. சொன்னேன். சொல்லி என்ன?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மறுபடி சண்டை பிடிக்கக் கிளம்பினார். மார்க்கெட் போகும் வேலை இருந்ததால் நானும் வினிதாவும் கூட ஏறிக்கொண்டோம்.

மாதேஸ்வரன் யாரோ ஒருவரிடம் கன்னடத்தில் விலை பேசிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது.

“இன்னாண்ணா, மறுபடியுமா?”

“செத்த ஸ்பீக்கரையே மாத்தி மாத்திக் கட்டிக் குடுக்குற. எங்கள என்ன கேணப்பயன்னு நெனச்சியா?” பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

மாதேஸ்வரன் கதவு அட்டையைக் கழற்றினான். மூலையில் கிடந்த எங்கள் பழைய கம்பெனி ஸ்பீக்கரையும் எடுத்து வந்து காட்டினான். “பாருண்ணா. கம்பெனில போடறது இந்த அட்டக் கூம்பு ஒண்ணுதான். தடிச் சத்தம், சன்னச் சத்தம் எல்லாம் இதுலயே வரணும். சன்னச் சத்தம் கொஞ்சம் அமுங்கும், அது நெஜம். அதுக்குத்தான் ட்வீட்டரு. சலங்கை, தாளம், பொம்பளைங்க கொரலு, ச-னு வர்ற எழுத்து, எல்லாம் அதுலதான் வரும். இப்ப கதவு ஸ்பீக்கர் ஒயரப் புடுங்கிட்டேன். ட்வீட்டர் மட்டும்தான் இருக்குது. அது செத்திருந்தா சத்தமே வரக்கூடாது, சரியா?”

பேசுகிறவரைக்கும் இவர் அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தலையாட்டினார்.

மாதேஸ்வரன் வண்டிக்குள் குனிந்து சிடியை அந்த இடத்துக்குத் தள்ளிப் போட்டான். சலங்கை வந்தது. வண்டி முழுக்கச் சலங்கை. ஒவ்வொரு மணியும் தனித்தனியாகத் தெரிந்தது. சீட்டில் உட்கார்ந்திருந்த வினிதாவின் கால் அதற்கு ஆடத் தொடங்கியது. எத்தனையோ நாள் கழித்து அந்தப் பிள்ளை முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

“போடு தம்பி. என்ன யோசன?” என்றார் இவர்.

மாதேஸ்வரன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். அவன் சத்தத்தை இன்னும் ஏற்றினான். என் காது கூசியது, கையால் பொத்திக்கொண்டேன். டீக்கடையில் ஒருவர், அட நிறுத்துய்யா என்று கத்தினார்.

“பாத்தியா? நான் சொன்னேன்ல? செத்துருச்சு” என்றார் இவர், ஜெயித்துவிட்ட முகத்தோடு.

நான் காதிலிருந்து கையை எடுத்தேன்.

வினிதா வாயைப் பொத்திக்கொண்டு, “வருதுப்பா” என்றாள்.

அவள் கையை மட்டும்தான் அவர் பார்த்தார். “என்ன முணங்குற? கைய எடு!” சொல்லும்போதே அவர் கை மேலே போய்விட்டது.

அந்தக் கையை மாதேஸ்வரன் பிடித்துக்கொண்டான். பிடித்தவன் விடாமல், அதை அப்படியே கீழே கொண்டுவந்து, ஒரு விரலை டேஷ்போர்டு மூலையிலிருந்த ட்வீட்டர் மேல் வைத்தான். “கேக்க வேணாண்ணா. தொட்டுப் பாரு.”

இவர் விரல் அங்கேயே நின்றது. மாதேஸ்வரன் பாட்டை நிறுத்தினான். பிறகு போட்டான். மறுபடி நிறுத்திப் போட்டான். இவர் விரலை எடுத்துப் பார்த்தார், திரும்ப வைத்தார். மெஷினில் தப்பைத் தேடும்போது அவர் முகம் இப்படித்தான் இருந்திருக்கும்.

“அதிருது” என்றார்.

“ஆமாண்ணா.”

“சத்தம் வரலயே?”

“எங்களுக்கு வருதுண்ணா. நல்லா வருது.” அவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். இவர், “என்ன? என்ன சொல்ற?” என்றார். அவன் முகத்தை நிமிர்த்தி மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. “ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்குதுண்ணா. பிரஸ் ஷாப்ல இருந்தவங்க ரெண்டு மூணு பேர் இதே மாதிரி வந்தாங்க. காது டாக்டரப் பாருண்ணா.”

இவர் திரும்பி டேஷ்போர்டையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றேன். எனக்கு நிச்சயமாகத் தெரிந்தாக வேண்டியிருந்தது. கல்யாணமானதிலிருந்து சொல்லாத அந்தப் பெயரைச் சொன்னேன். மெதுவாக ஒன்றுமில்லை, பேசுகிற குரலில்தான். வெள்ளைச்சாமி. மாதேஸ்வரன் நிமிர்ந்து பார்த்தான். இவர் திரும்பவில்லை.

எத்தனை வருஷமாக இந்த ஆளிடம் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன். எனக்கு அழுகை வரவில்லை. அந்த ஸ்டோர் ரூம் பூட்டை உடைத்து, அதில் கிடந்த அடைப்பான்களை எல்லாம் எவன் வாயிலாவது திணிக்க வேண்டும்போல ஆத்திரம்தான் வந்தது.

தோளைத் தொட்டதும் திரும்பினார். “ஒனக்குக் கேக்குதா?” என்றார்.

“கேக்குதுங்க.”

“பாப்பாவுக்கு?”

“அவளுக்கும்தான்.”

அவர் எதையோ கணக்குப் போடுவதுபோல நின்றார். அவர் போட்டது எந்தக் கணக்கு என்று எனக்குத் தெரியும். பிள்ளைக்கு விழுந்த ஒவ்வொரு அடியாக அவருக்கு ஞாபகம் வந்துகொண்டிருந்தது. ஒருமுறை கதவைப் பிடித்துக்கொண்டார். பிறகு அந்தப் பக்கக் கதவைத் திறந்து, வினிதாவுக்கு நேராகத் தரையில் குந்தி உட்கார்ந்தார். இவர் பேசி நான் கேட்டதிலேயே சின்னக் குரல் அதுதான்.

“தாயி, ஒரு வார்த்த பேசு. என்னமாச்சும் சொல்லு. கைய எடு, அப்பா ஒன் உதட்டப் பாக்கணும்.”

அதில் பிள்ளைக்குத் தெரிந்தது இரண்டு வார்த்தை. கைய எடு. அதற்கு அடுத்து என்ன வரும் என்றும் அவளுக்குத் தெரியும். அவள் வாயிலிருந்து கையை எடுத்தாள். எடுத்து, இரண்டு கையையும் முகத்துக்குக் குறுக்கே மடக்கிக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மடக்கிய கைகளுக்கு உள்ளேயிருந்து அவள் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள்.

இவர் அவள் கையைத் தொடப் போனார். அவள் உடம்பு தூக்கிப் போட்டது. கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். எழுந்திருக்காமலே தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

“என்ன சொல்றா?”

மாதேஸ்வரன் பாட்டை நிறுத்திவிட்டுக் கடைக்குள் போய்விட்டான். நான் அவர் முகத்துக்கு நேராகக் குனிந்தேன்.

“இனிமே முணங்க மாட்டேம்ப்பா, அடிக்காதீங்கப்பா” என்று பிள்ளை சொன்னதை, அவருக்குப் புரியும்படி, ஒவ்வொரு வார்த்தையாக வாயைத் திறந்து சொன்னேன்.