வரைந்த பிறகு தின்னலாம்

1949-ஆம் வருஷம் ஜூன் மாதம் எங்கள் உயர்நிலைப்பள்ளியில் இன்ஜினீரிங் பிரிவு தொடங்கினார்கள். ஓட்டுக் கொட்டகை ஒன்று, மரமேசை நான்கு, நான்காம் பாரத்து, அதாவது ஒன்பதாம் வகுப்பு, மாணவர் இருபத்தொரு பேர், பாடம் நடத்த நான். இருபத்தொரு பேரில் ஒருத்திதான் பெண். பெயர் அருணாசலவடிவு. துறைமுகத்துக்குப் போகும் பாதையில் ஆணியும் கொண்டியும் விற்கும் கடைக்காரரின் மகள்.

பெண்கள் பள்ளியில் அந்தப் பிரிவு கிடையாது என்பதால் அவள் தகப்பனார் எங்களுக்கு மனுக் கொடுத்திருந்தார். தலைமையாசிரியர் அதன் ஓரத்தில், ‘அரையாண்டுத் தேர்வு வரை மட்டும். பிறகு பிரிவாசிரியர் தகுதி எழுதித் தரவேண்டும்’ என்று பச்சை மையில் எழுதினார். தகுதியில்லை என்று நான் எழுதினால் அவள் பெண்கள் பள்ளிக்கே திரும்பித் தையல் படிக்கவேண்டும். இது அவளுக்கும் தெரியும், வகுப்புக்கும் தெரியும்.

தகுதியில்லை என்றுதான் எழுதுவதாக இருந்தேன். அவள் கை மெதுவு. மற்றவர்கள் மூன்று பலகையை இழைத்து முடிக்கும் நேரத்தில் அவள் ஒன்றை அளந்துகொண்டிருப்பாள்.

அக்டோபர் கடைசியில் பள்ளிக்கு எதிர்க்கடைப் பொன்னுதுரை அண்ணாச்சி கொட்டகைக்கு வந்தார். உடன்குடியிலிருந்து கருப்பட்டி வாங்கித் தோணியில் கொழும்புக்கு அனுப்புகிறவர்.

“மந்திரமூர்த்தி சார்வாள், ஒங்க பயலுவ பாலமெல்லாம் வரையுதானுவளாமே. எனக்குப் பாலம் வேண்டாம். என் ஓலைப்பெட்டியில இருவத்தினாலு கருப்பட்டி வைக்கேன். வண்டியில இருந்து தோணியில ஒரு போடு, தோணியில இருந்து கரையில ஒரு போடு. கொழும்புல தொறந்தா ஒம்பது, பத்து ஒடைஞ்சு கெடக்கு. இதுக்கு என்ன படிப்பு வச்சிருக்கீரு?”

அதையே போட்டியாக வைத்துவிட்டேன். விதிகள் மூன்று. பெட்டி அண்ணாச்சியின் பெட்டி அளவுதான் இருக்கவேண்டும். அவர் சரக்குக் கிட்டங்கியில் எளிதாகக் கிடைப்பதைக் கொண்டே செய்யவேண்டும். பள்ளி மாடி வராந்தாவிலிருந்து பெட்டியைக் கீழே போடுவோம். குறைவாக உடைந்த பெட்டிக்கு வெற்றி. நாள், நவம்பர் 19, சனிக்கிழமை. பழகிப் பார்க்க அண்ணாச்சி இரண்டு பெட்டி கருப்பட்டி கொடுத்தார்.

இரண்டு பேருக்கு ஒரு குழு, ஒன்றில் மட்டும் மூன்று பேர். வடிவுடன் சேர யாரும் முன்வரவில்லை. கடைசியில் தோணிக்காரர் மகன் ரோச் சேர்ந்தான்.

“ஏன்ல அங்கன போற?” என்று நல்லக்கண்ணு கேட்டான். வகுப்பில் கைவேகம் அவனுக்குத்தான்.

“அவ மெதுவாச் செய்வா. எனக்கு வேலை கம்மி” என்றான் ரோச்.

முதல் வாரம் கொட்டகை முழுக்கப் ‘பொத்’ ‘பொத்’ என்று சத்தம். பெட்டியைப் போடுவார்கள், திறப்பார்கள், எத்தனை உடைந்தது என்று எண்ணுவார்கள், உடைந்ததைத் தின்பார்கள். நிலக்கடலை வேறு கொண்டுவந்து வைத்துக்கொண்டார்கள். உள்ளதைச் சொல்கிறேன், நானும் ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டேன்.

வடிவு மட்டும் நோட்டைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு குழுவாகப் போய் நின்றாள்.

“ஏலே, ஒடைஞ்சத எங்கிட்டக் காட்டிட்டுத் தின்னுங்கல.”

“எதுக்குளா? பங்கு வேணுமா?”

“எங்கன ஒடைஞ்சதுன்னு வரையணும். வரைஞ்ச பெறவு தின்னுக்கோ.”

“கருப்பட்டிக்குப் படம் புடிக்க வந்திருக்கா!” என்று நல்லக்கண்ணு கத்த, கொட்டகையே சிரித்தது. ஆனாலும் காட்டினார்கள். அவள் இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்து, விரிசல் எங்கே தொடங்குகிறது என்று பென்சிலால் குறித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பாள். வாயில் எச்சில் ஊற ஒருவன் காத்து நிற்பான். இப்படி முப்பத்தொரு படம் சேர்ந்தது.

ஒரு பெட்டியும் கட்டாமல் நாளைக் கழிக்கிறாளே என்று எனக்குக் கோபம். நோட்டை வாங்கிப் பார்த்தேன். கருப்பட்டியைச் சிரட்டையில் ஊற்றி எடுப்பதால் ஒரு பக்கம் குமிழாகவும் மறுபக்கம் தட்டையாகவும் இருக்கும். இரண்டும் சேரும் இடத்தில் கூரான விளிம்பு. முப்பத்தொன்றில் இருபத்தேழு, அந்த விளிம்பிலிருந்தே உடைந்திருந்தது.

“ஒண்ணோட விளிம்பு அடுத்ததுல போய் இடிக்கு, சார். தரையில பட்டு ஒடையல. அதுகளுக்குள்ள சண்டை போட்டுத்தான் ஒடையுது” என்றாள்.

அண்ணாச்சியின் கடையில் எத்தனை வருஷமாகப் பெட்டி கட்டுகிறார்கள்! உடைந்தது வாய்க்குப் போய்விடுவதால் இதை யாரும் பார்த்ததில்லை. நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். கோபம் போன இடம் தெரியவில்லை.

ஆனால் இடிக்காமல் வைப்பது எப்படி? அவள் வரைந்துகொண்டிருந்தபோது ரோச் மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தான். படம் அவனுக்குத் தலைகீழாகத் தெரிந்திருக்கிறது.

“இப்ப என்னளா பானை வரையுத?”

வடிவு நோட்டைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு கொட்டகை மூலையைப் பார்த்தாள். அங்கே எங்கள் தண்ணீர்ப் பானை, உருளாமல் இருக்க வைக்கோல் பிரியைச் சுற்றி முடைந்த புரிமணைமேல் உட்கார்ந்திருந்தது.

அடுத்த ஒரு வாரமும் ரோச்சுக்குத்தான் வேலை. தோணிக் கயிறு திரித்த கை. ஓலையை நனைத்துப் புரியாகத் திரித்து, உள்ளங்கை அகலத்தில் சின்னச் சின்னப் புரிமணையாகச் சுற்றிக் காயவைத்தான். “வேலை கம்மின்னு நெனைச்சு வந்தேன் பாரு” என்று புலம்பிக்கொண்டே சுற்றினான். குமிழ் கீழாக, விளிம்பு எதிலும் படாமல், ஒவ்வொரு கருப்பட்டியும் தனித்தனிப் புரிமணையில் உட்கார்ந்தது. பெட்டியில் இரண்டு கருப்பட்டிக்கு இடம் குறைந்தது. இருபத்திரண்டுதான் கொண்டது.

நவம்பர் 19. இரவெல்லாம் தூறியிருந்தது. கடற்காற்று சட்டையை உடம்போடு ஒட்டியது. தலைமையாசிரியர் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் அண்ணாச்சி.

ஒரு குழு பெட்டிமேல் குடைத்துணியைக் கட்டி விட்டது. பெட்டி ஆடி அசைந்து இறங்கியது, ஒன்றுகூட உடையவில்லை. அண்ணாச்சி எழுந்து கும்பிட்டார். “நல்லாருக்குப்பா. பொட்டிக்கு ஒரு கொடை வாங்கிக் குடுத்துட்டு நான் மழையில நனையுதேன்.” விதியில் அடிபட்டு அது விலகியது.

நல்லக்கண்ணு பெட்டி நிறைய உமியைத் திணித்து நடுநடுவே கருப்பட்டியைப் புதைத்திருந்தான். விழுந்தது. திறந்து எண்ணினோம். உடைந்தது ஒன்று.

அடுத்து வடிவின் பெட்டி. உடைந்தது மூன்று.

வடிவின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கப் பிடிக்கவில்லை. தலைமையாசிரியர் எழுந்துகொண்டே, “பரவாயில்லை, பெண்பிள்ளை இந்த மட்டுக்கும் செய்ததே. மந்திரமூர்த்தி, அந்தத் தகுதிக் கடிதத்தை இன்றைக்கே முடித்துவிடலாமே” என்றார். அவர் எந்தப் பக்கம் முடிக்கச் சொல்கிறார் என்பதில் சந்தேகமில்லை.

அண்ணாச்சி நல்லக்கண்ணுவின் பெட்டிக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்தார். மழைக் காற்றில் கருப்பட்டி கசிந்திருந்தது. உமி அப்பி, முள்ளம்பன்றிக் குட்டிபோல் இருந்தது. வேட்டியில் துடைத்தார். உமி போகவில்லை, வேட்டிதான் கறையானது. ஊதினார். நகத்தால் சுரண்டினார்.

“ஏலே நல்லக்கண்ணு, இதக் கொழும்புக்கு அனுப்பினா மாட்டுக்காரன்தான் வாங்குவான்.”

“ஒடையலைலா, அண்ணாச்சி?”

“ஒடையல. எவன் திங்குதது?”

பிறகு வடிவின் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்தார். ஓலைப்புரி ஒட்டாமல் கழன்று வந்தது. ஒரு கடி கடித்தார். “ரெண்டு கொறையுதேன்னு வயிறு எரியத்தான் செய்யுது. ஒம்பது ஒடையுத எடத்துல மூணுன்னா, போகட்டும்! எனக்கு இந்தப் பொட்டிதான் வேணும்.”

தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். போட்டி விதிப்படி வெற்றி நல்லக்கண்ணுவுக்கே என்றேன். விதி நான் எழுதியது, கடற்காற்றை அதில் எழுத மறந்தது என் தப்பு. நல்லக்கண்ணுவுக்குக் கைதட்டினோம்.

தகுதிக் கடிதம் வேறு விஷயம். அங்கேயே, மாடிப்படியில் உட்கார்ந்து எழுதினேன். ‘அருணாசலவடிவு, நான்காம் பாரம். வேலை மெதுவு. காரணம், மற்றவர் பார்க்காததைப் பார்க்கிறாள். இந்தப் பிரிவில் தொடர முழுத் தகுதி உண்டு.’ முப்பத்தொரு படமுள்ள நோட்டையும் சேர்த்துக் கொடுத்தேன். தலைமையாசிரியர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். இருபதாவது பக்கத்தில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். பச்சைப் பேனாவைத் திறந்து ‘சம்மதம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மை காயக் கடிதத்தை ஆட்டிக்கொண்டு, நோட்டோடு வடிவைத் தேடினேன். தன் பெட்டியின் முன்னால் குந்தி, ஒரு காகிதத் துண்டில் வரைந்துகொண்டிருந்தாள்.

“வடிவு, ஐயா கையெழுத்துப் போட்டாச்சு. நீ இங்கேதான் படிக்கப் போகிறாய்.”

நிமிர்ந்தாள். முகம் முழுக்க மலர்ந்தது. “நெசமாவா, சார்?” கடிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்தாள். நோட்டையும் வாங்கி, கடிதத்தை மடித்து அதற்குள் வைத்தாள். பென்சிலை எடுத்தாள். “ஒடைஞ்ச மூணும் அடித்தட்டு மூலையில இருந்ததுதான், சார். மூலைக்கு மட்டும் புரி பருமனா வேணுமோ என்னமோ. ரெண்டு வரைஞ்சாச்சு. மூணாவத…”

மூன்றாவதைக் காணோம். ரோச்சின் கன்னம் ஒரு பக்கமாக உப்பியிருந்தது.

“ஏலே, துப்புல!”