மாமாவின் எட்டு எழுத்து

நாரின் நகரக் குதிரைப் பந்தயத் திடலின் விளக்குப் பலகைக்கு டிரைவர் என்ற மென்பொருளை எழுதியவள் நான். ஊர்க் குதிரைக்காரர்கள் பெயரையெல்லாம் ஓட்டிச் சோதித்தேன், ஒன்றைத் தவிர. மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. எனக்கோ விரலால் தட்டவும் கூசியது. அவருக்குப் பதிலாக இரண்டாவது வரிசையில் ‘மீசை’ என்று போட்டேன். மனதுக்குள் அவரை அப்படித்தான் அழைப்பேன்.

பந்தயத்தன்று பார்த்து மாமாவின் குதிரை முதலாவதாக வந்தது. இருபது வருடமாகத் தோற்றே பழகிய மனிதர், கல்பாக் தொப்பியைச் சரிசெய்துகொண்டு தன் பெயருக்காகப் பலகையைப் பார்த்து நின்றார்.

முதல் வரிசையில் ‘ஷாமிர்பெக்மீசை’ என்று வந்தது.

திடலே குலுங்கிச் சிரித்தது. எனக்கு உயிரே போய்விட்டது.

“அடிப்பாவி, என்னடி இது?” என்றாள் பலகையை இயக்கும் பெர்மெத். “கால் மணி நேரத்துல பரிசு குடுக்கணும். சீக்கிரம் சரி பண்ணு!”

நிரலைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். ஒரு பெயருக்குப் பதினாறு பைட் இடம் ஒதுக்கியிருந்தேன். பெயர் இங்கே முடிந்தது என்று சொல்லக் கடைசியில் ஒரு பூஜ்யம் வேண்டும். எங்கள் மொழியின் எழுத்து ஒவ்வொன்றுக்கும் இரண்டு பைட், அதில் எழுதினால் மாமா பெயருக்கோ எட்டு எழுத்து. பூஜ்யத்துக்கு இடமே இல்லை. பெயரை நகலெடுக்க நான் நம்பிய strncpy கட்டளை அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. பலகை நிற்கத் தெரியாமல், அடுத்த வரிசையில் நான் அழிக்க மறந்த மீசையையும் சேர்த்து வாசித்துவிட்டது. மற்றவர்கள் பெயரெல்லாம் ஏழு எழுத்துக்குள் முடிந்தது என் கெட்ட நேரம்.

அந்தக் கட்டளையைத் தூக்கிவிட்டு strscpy போட்டேன். அது பூஜ்யம் வைக்காமல் விடாது, ஆனால் இடம் போதாவிட்டால் பெயரின் வாலை நறுக்கிவிடும். மாமாவை நறுக்க முடியுமா? இடத்தை அறுபத்துநான்கு பைட்டாக்கி மறுபடி ஏற்றினேன்.

“எந்தப் பேரைப் போட்டுப் பாக்கணும்? சொல்லு, அடிக்கிறேன்,” என்றாள் பெர்மெத்.

“அதான்… அவரு பேரு.”

“எவரு பேருடி?”

“என் பேருதான்,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். மாமா! “சொல்லும்மா.”

“ஐயோ மாமா, நான் எப்படி…”

“மீசைன்னு ஊருக்கே காட்டத் தெரிஞ்சுது, இதுக்கு மட்டும் வெக்கமா?” என்று சிரித்தார். பிறகு கல்பாக்கைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். “இருபது வருஷம் கழிச்சு ஜெயிச்சிருக்கேன். என் வீட்டுப் பிள்ளை வாயால அதைக் கேக்கணும். நானே சொல்றேன், தப்பில்ல.” உள்ளங்கைகளை விரித்து ஆசி சொன்னார்.

“ஷாமிர்பெக்,” என்றேன்.

பெர்மெத் தட்டினாள். பலகையில் எட்டு எழுத்து வந்தது. அதற்குப் பின்னால் ஒன்றுமில்லை.

“கேக்கலியே,” என்றார் மாமா.

அறிவிப்பாளரின் மைக்கைப் பிடுங்கி, திடல் முழுக்கக் கேட்கும்படி அந்தப் பெயரைக் கத்தினேன்.