விடச் சொன்னாங்க

எனக்கு விளையாட்டென்றாலே ஆகாது. அதிலும் நாற்காலியை விட்டு எழாமல் விளையாடும் விளையாட்டென்றால் கேட்கவே வேண்டாம். அப்படிப்பட்ட என் கையில் மைக்கைத் திணித்து, அரங்கம் கொள்ளாத கூட்டத்துக்கு நடுவே, கணினி விளையாட்டுப் போட்டியின் இறுதியாட்டத்தில் நிறுத்திய புண்ணியம் என் கொழுந்தனையே சேரும்.

கொழுந்தன் இந்த விளையாட்டுகளுக்கென்றே ஒரு சேனல் நடத்துகிறான். கேமரா அவன், எடிட்டிங் அவன், பார்ப்பவர்களில் பாதிப் பேர் அவன் சிநேகிதர்கள். வழக்கமாகப் பேட்டி எடுக்கிற கூட்டாளிக்கு அன்று காலையில் தொண்டை கட்டிக்கொண்டு குரலே வரவில்லை. உடனே என்னிடம் ஓடி வந்தான்.

"அண்ணி, நீங்க வாங்க. வாய் உங்களுக்கு ஏற்கனவே இருக்கு. மைக் மட்டும் நான் தர்றேன்."

நான் சமையல் கேஸ் ஏஜென்சியில் போனில் புகார் எடுப்பவள். சிலிண்டர் வரவில்லை, வந்தது கசிகிறது, கொண்டு வந்தவன் முறைத்தான் என்று ஊரார் திட்டுவதையெல்லாம் காதில் வாங்கி, அவர்கள் சொன்ன சொல் மாறாமல் எழுதி வைப்பது என் பிழைப்பு. ஒரு நாளாவது நான் கேள்வி கேட்கிறேனே என்ற ஆசையில் லீவு போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

"என்னத்தைக் கேக்கறது கொழுந்தனாரே?" என்று போகிற வழியில் கேட்டேன்.

"ஜெயிச்சவங்களைப் பெரிய சேனல்காரங்க அள்ளிட்டுப் போயிடுவாங்க. நமக்குத் தோத்தவங்கதான். கடைசில என்ன ஆச்சுன்னு கேளுங்க, போதும். மீதியை அவங்களே கொட்டிடுவாங்க."

அரங்கத்துக்குள் குளிர் எலும்பைக் குடைந்தது. மேடையில் இரண்டு கண்ணாடி அறைகள். அறைக்கு ஐந்து பேர், காதில் ஹெட்செட். அவர்கள் பேசிக்கொள்வது அவர்களுக்குள் மட்டும்தான் கேட்கும். பெரிய போட்டிகளில் அந்தப் பேச்சைப் பதிவு செய்து வைப்பார்களாம், இங்கே அந்த வசதி இல்லை என்றான் கொழுந்தன். மேலே சுவரளவுக்கு ஒரு திரை. ஆட்டம் எனக்கே புரிகிற மாதிரிதான் இருந்தது. அணிக்கு ஒரு கோட்டை. எதிராளியின் கோட்டையைத் தகர்த்தால் ஜெயித்த மாதிரி. ஒவ்வொரு சுற்றிலும் ஓர் அணிக்கு ஒரே ஒரு ராக்கெட்தான் கிடைக்கும். அதை வீணடித்தால் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான்.

இடது பக்க அறையில் கேப்டனாக ஒரு பெண் இருந்தாள். ராக்கெட் அவளுடைய சொந்தத் தம்பியிடம். அவனுக்கு இந்த விளையாட்டு உலகத்தில் நத்தை என்று பெயர். எவ்வளவு நெருக்கினாலும் அவசரப்பட மாட்டானாம். கல்லூரியைப் பாதியில் நிறுத்திவிட்டு இதையே நம்பி இருக்கிறவன். அடுத்த மாதம் வெளிநாட்டில் நடக்கும் போட்டிக்கு நாட்டின் அணியில் அவனைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அக்காவைத் தேர்ந்தெடுக்கவில்லை.

சுற்றுகள் சரிக்குச் சரியாக வந்து கடைசிச் சுற்றில் நின்றன. எனக்கே உள்ளங்கை வேர்த்துவிட்டது. திரையில் ஒரு பாலம். பாலத்தின் மேல் எதிரணியின் நிழல்கள் அசைந்தன. நத்தை மேட்டில் ராக்கெட்டோடு காத்திருந்தான். கண்ணாடிக்குப் பின்னால் அக்கா நாற்காலியில் எம்பி எம்பி எதையோ கத்தினாள். அடுத்த நொடி ராக்கெட் பாய்ந்தது. பாலம் நொறுங்கியது. அதில் ஒரு ஆள்கூட இல்லை. நிழல்கள் வெறும் ஏமாற்று. ஐந்து எதிரிகளும் பக்கவாட்டில் வந்து கோட்டைக்குள் புகுந்தார்கள், தடுப்பதற்கு ஒன்றுமில்லை. ஆட்டம் முடிந்தது.

"வித்துட்டான்டா! மேட்ச்சை வித்துட்டான்!" என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான். அதை நூறு பேர் பிடித்துக்கொண்டார்கள்.

மேடைக்குப் பக்கத்தில் பேட்டிக்கென்று ஒரு துணித் தட்டி கட்டியிருந்தார்கள். கொழுந்தன் சொன்னது போலவே எங்களுக்கு நத்தை கிடைத்தான். முகத்தில் ரத்தமே இல்லை. கொழுந்தன் விரலைச் சொடுக்கி, நேரலை ஓடுகிறது என்று சைகை காட்டினான். நான் படித்து வைத்திருந்த வணக்கம், வாழ்த்து எல்லாம் பறந்துபோய்விட்டன.

"கடைசி ராக்கெட்... நீங்கதான் விட்டீங்களா?" என்றேன்.

"ஆமா. நான்தான் விட்டேன்."

"ஏன் தம்பி?"

"விடச் சொன்னாங்க. விட்டேன்."

அவ்வளவுதான். மேற்கொண்டு பேசாமல் போய்விட்டான். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. புகார் சொல்கிறவர்கள்கூட இதைவிட நன்றாகப் பேசுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் கொழுந்தன் போனைப் பார்த்துத் துள்ளினான். பார்வையாளர்கள் ஏறிக்கொண்டே போனார்கள். யாரோ என் கேள்விகளை நறுக்கிவிட்டு, அவன் பதிலை மட்டும் வெட்டி எடுத்துப் பரப்பியிருந்தார்கள். 'நான்தான் விட்டேன். விடச் சொன்னாங்க.' கீழே பெரிய எழுத்தில், 'மேட்ச்சை விட்டுக்கொடுத்ததை அவனே ஒப்புக்கொண்டான். சொன்னது யார்?'

"அண்ணி, நம்ம சேனல் எங்கேயோ போயிடுச்சு!" என்றான் கொழுந்தன்.

"அட மூதேவி, அந்தப் பையன் எங்கே போகப் போறான்னு பாரு," என்றேன்.

போட்டி நடத்துகிறவர்களின் அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்ட இரண்டு பேர் நத்தையின் தோளில் கை வைத்து அழைத்துக்கொண்டு போனார்கள். அந்தக் கை எனக்குப் பிடிக்கவில்லை. கொழுந்தனின் சிரிப்பு அப்போதுதான் அடங்கியது. காசு வாங்கிக்கொண்டு தோற்றதாக நடுவர் முடிவு கட்டினால் ஆயுள் தடையாம். வெளிநாடு போவது மட்டுமில்லை, இனி எங்கேயும் ஆடவே முடியாது. பரிசு கொடுப்பதற்கு முன்பே முடிவை அறிவித்துவிடுவார்களாம். அவன் ராக்கெட்டை விட்டதைச் சொன்னான். உலகம் மேட்ச்சை விட்டதாகக் கேட்டுவிட்டது. என் கேள்வியில்தான் ராக்கெட் இருந்தது, அதைத்தான் எவனோ நறுக்கிவிட்டானே.

மேடைக்குப் பின்னாலிருந்த தாழ்வாரத்துக்கு ஓடினேன். காவலாளி கையை நீட்டி மறித்தார். புகார் எடுக்கும் குரலில், "உங்க பேரு, பொறுப்பு, யார் சொல்லி நிறுத்தறீங்கன்னு சொல்லுங்க சார், எழுதிக்கறேன்," என்றேன். நீட்டிய கை தானாக இறங்கியது. கொழுந்தன் நேரலையை நிறுத்திவிட்டுக் கேமராவோடு பின்னால் வந்தான்.

நடுவரின் அறைக்கு வெளியே அக்காவும் தம்பியும் ஆளுக்கொரு பக்கச் சுவரில் சாய்ந்து நின்றார்கள். ஒருவரையொருவர் பார்க்கவில்லை. அக்காவின் கண்கள் சிவந்திருந்தன.

"உள்ளே என்னம்மா சொன்னே?" என்று அவளிடம் கேட்டேன்.

"உள்ளதைத்தான் சொன்னேன். ராக்கெட்டை அடிக்கச் சொன்னியான்னு நடுவர் கேட்டாரு. இல்லைன்னேன். நான் சொல்லவே இல்லை. இவன் எவன்கிட்டயோ வாங்கிட்டு என் தலையில போடறான்."

"பொய் சொல்லாதே," என்றான் நத்தை, சுவரைப் பார்த்தபடி. "நீதான் சொன்னே. என் காதுல விழுந்துச்சு."

"இன்னொரு தடவை சொன்னே, அறைஞ்சுடுவேன்."

இரண்டு பேர் குரலிலும் பொய் இல்லை. தினமும் நூறு பேர் பொய்யைக் கேட்கிற காது எனக்கு. இருவரும் உண்மை பேசினால் நடுவில் ஏதோ ஒன்று கோணலாக இருக்க வேண்டும். 'டெலிவரி பையன் மரியாதையில்லாமல் பேசினான்' என்று யாராவது சொன்னால் நான் எழுத மாட்டேன். என்ன பேசினான், அந்தச் சொல்லைச் சொல்லுங்கள் என்பேன். பாதிச் சண்டை அதிலேயே தீர்ந்துவிடும்.

"நீ என்ன அர்த்தத்துல சொன்னேங்கறதை விடும்மா. வாயால என்ன வார்த்தை சொன்னே? அதை மட்டும் அப்படியே சொல்லு."

"பாலத்துல ஆள் இல்லைன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. எல்லாரும் கோட்டைக்குத் திரும்பணும். 'விடு, விடு, விடு'ன்னு கத்தினேன்."

சொல்லி முடித்தபின்னும் அவள் திறந்த வாய் மூடவில்லை. நத்தை மெதுவாகத் திரும்பி அவளைப் பார்த்தான்.

"நான் ராக்கெட்டோட நிக்கிறேன்," என்றான். "நீ விடுங்கறே."

"எப்பவும் அடின்னுதானேடா சொல்வேன்!"

"அவசரத்துல மாத்திச் சொல்றேன்னு நெனச்சேன்."

இருவரையும் இழுத்துக்கொண்டு கதவைத் தள்ளினேன். தலைமை நடுவர் வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டே முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டுக் கையை விரித்தார்.

"அம்மா, இவங்க அக்கா தம்பி. தம்பியைக் காப்பாத்த அக்கா இப்ப எது வேணா சொல்லலாம். அந்தப் பேச்சுக்கு என்ன சாட்சி? வெளியே கூட்டம் கத்துது. நான் முடிவு சொல்லியாகணும்."

வாய் இருக்கிறது என்று கூட்டி வந்தார்கள், அந்த வாய் அடைத்துப்போய் நின்றேன். கொழுந்தன்தான் என் முதுகுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான்.

"சார், அஞ்சு பேர் ஸ்க்ரீனையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஓட்டிப் பாருங்க. அவங்க விடுன்னு கத்தியிருந்தா மத்தவங்க காதுலயும் விழுந்திருக்குமே."

நடுவர் முறைத்தார். ஆனாலும் ஆளைக் கூப்பிட்டு ஓட்டச் சொன்னார். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், நகம் பதிந்தது. திரையில் ஐந்து கட்டங்கள். ஐந்து பேரும் பாலத்தை நோக்கி இருந்தார்கள். சட்டென்று அக்கா பின்னால் திரும்பினாள். அதே நேரத்தில் மற்ற மூவரும், யாரோ கழுத்தைப் பிடித்துத் திருப்பினாற்போலத் திரும்பினார்கள். அதே நேரத்தில்தான் ஐந்தாவது கட்டத்தில் ராக்கெட் கிளம்பியது. நடுவர் திரும்பவும் ஓட்டச் சொன்னார். மறுபடியும் ஓட்டச் சொன்னார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"தடை கிடையாது. போங்க," என்றார்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் மேடையில் நடுவர், "விசாரித்தோம், தவறு ஏதும் நடக்கவில்லை" என்று ஒரே வரியில் அறிவித்ததும் கூட்டம் சிரித்தது. சிரித்துவிட்டு மறுபடியும் ஆரம்பித்தது. "வித்துட்டான்! வித்துட்டான்!" நத்தை தட்டிக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். நான் மைக்கை எடுத்துக்கொண்டு அவனிடம் போனேன்.

"வா தம்பி, நேரலையில நடந்ததைச் சொல்லிடு. எல்லார் வாயும் மூடிக்கும்."

"வேணாம் மேடம்."

"ஏன்?"

"நான் விளக்கம் சொன்னா, அவ சொன்ன வார்த்தையாலதான் தோத்தோம்னு ஆயிடும். அவளைக் கிழிச்சுடுவாங்க. பொண்ணு கேப்டனா இருக்கறதே பல பேருக்கு ஆகலை. என்னைத் திட்டிட்டுப் போகட்டும்."

அக்கா இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது, மைக் என் கையிலிருந்து பிடுங்கப்பட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது. நேராகக் கேமராவின் முன்னால் போய் நின்றாள். கொழுந்தன் என்னைப் பார்த்தான். போடு என்று தலையாட்டினேன். எங்கள் நேரலை அதற்குள் அரங்கத்தில் பாதிப் பேர் போனில் ஓடிக்கொண்டிருந்தது.

"நான் கேப்டன். விடுன்னு கத்தினது நான். பாலத்தை விட்டுட்டுத் திரும்புங்கன்னு சொன்னேன். ராக்கெட்டைக் கையில வெச்சிருக்கறவன்கிட்ட விடுன்னு சொன்னா அவன் வேற என்ன பண்ணுவான்? இவன் எதையும் விக்கலை. தோத்தது என்னால."

நத்தை பாய்ந்து வந்து மைக்கின் மேல் கை வைத்தான். "இல்ல. மத்தவங்களுக்கெல்லாம் சரியாப் புரிஞ்சுது. எனக்குத்தான் புரியல. தப்பு என்னோடது."

"நீ வாயை மூடுடா."

"நீ மூடு. நீ சரியாத்தான் பார்த்தே. பாலத்துல ஆள் இல்லைன்னு உனக்கு மட்டும்தான் தெரிஞ்சுது."

"தெரிஞ்சு என்ன புண்ணியம்? ஒழுங்காச் சொல்லத் தெரியலையே!"

இருவரும் நேரலை என்பதையே மறந்து, தப்பு என்னுடையதுதான் என்று கட்டிப் புரண்டு சண்டை போடாத குறை. ஊரில் எல்லாரும் தப்பை அடுத்தவன் தலையில் கட்டுவதையே கேட்டுப் பழகியவள் நான். அக்காவைப் பார்த்து இரண்டு பேர் ஊளையிட்டார்கள். பக்கத்திலிருந்தவர்களே அவர்களை உட்காரச் சொன்னார்கள்.

நான் இருவருக்கும் நடுவில் புகுந்து மைக்கை வாங்கினேன்.

"அந்தப் பேட்டியை எடுத்தது நான்தான்," என்று கேமராவைப் பார்த்துச் சொன்னேன். "விடச் சொன்னாங்கன்னு இந்தப் பையன் சொன்னான். யாரு, எதைன்னு அடுத்த கேள்வியைக் கேட்டிருந்தா இவ்வளவும் நடந்திருக்காது. அதைக் கேக்காம விட்டது நான்."

"அண்ணி," என்று கொழுந்தன் கேமராவுக்குப் பின்னாலிருந்து கிசுகிசுத்தான், "இன்னும் லைவ்ல இருக்கோம்."

"தெரியும்," என்றேன்.