பின்சக்கரத்தைப் பார்த்தபடி

கிரிக்குப் பகல் வேலை கிடைத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. உடம்புக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. மூன்று வருடம் இரவு ஷிப்ட் பார்த்த உடம்பு. விடிந்தால் படுக்கையைத் தேடும். கம்பெனி வேனில் ஏறினான்; தூங்கிப்போய் இறங்குமிடம் தாண்டி எழுந்தான். பஸ்ஸிலும் அதே கதை. அதனால்தான் சைக்கிள். திருமுல்கேரியிலிருந்து கச்சிபௌலிக்கு இருபத்தைந்து கிலோமீட்டர். மிதிக்கிறவன் தூங்க முடியாது என்று நினைத்தான். முடியும்.

எட்டரைக்கு உள்ளே இருக்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை தாமதம். "இன்னொரு தடவை லேட்டானா திரும்ப நைட்டுக்குப் போட்டுடுவேன். அங்க ஆள் பத்தல," என்று டீம் லீட் அனுபமா சொல்லியிருந்தாள். மிரட்டலாக இல்லை, நாளைக்கு மழை வரும் என்பதைப்போல. இரவு வேலையின் கடைசி வருடத்தில், மனிதர்கள் பேசினால் அவனுக்கு வாய் அசைவது தெரியும், சொல் வந்து சேராது. திரும்ப அந்த நிலைக்குப் போவதாக இல்லை.

போயின்பல்லியில் தினமும் ஒருவர் முன்னால் சேர்ந்துகொள்வார். நரைத்த தாடி, ஹெல்மெட்டுக்கு அடியில் வெள்ளைத் தொப்பி. அவரும் கச்சிபௌலிதான். அவர் பின்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி ஒட்டிக்கொண்டால் எதிர்காற்று அவரோடு நின்றுவிடும். இவனுக்கு மிதி பாதி இலேசாகும். பள்ளம் வந்தால் கையை இறக்கிக் காட்டுவார். கொஞ்ச தூரம் போனதும் முழங்கையை ஆட்டுவார். இனி நீ முன்னால் வா என்று அர்த்தம். அப்படி மாறி மாறிப் போவது சைக்கிள்காரர்கள் வழக்கம். முதல் வாரம் கிரி போனான். பிறகு முழங்கையைப் பார்க்காதவன்போல் இருந்துவிட்டான். அவரும் விட்டுவிட்டார். ஒரு வார்த்தை பேசியதில்லை.

அன்று மூடுபனி. மெட்ரோ தூண்கள் ஒவ்வொன்றாக வந்து ஒதுங்கின, யாரோ ஒருவர் வீட்டுக் கூடத்தைக் கடப்பதுபோல. சாலை தண்ணீராகிவிட்டிருந்தது. அதன்மேல் ஒரு சக்கரம் சுற்றியது, அதைப் பார்த்தபடி இவன் மிதந்தான். மேலே ரயில் போனது. அது வெகு தொலைவில் யாரோ போர்வையை உதறுகிற சத்தம். பிறகு பாசி வாசனை வந்தது. சக்கரம் நின்றது. எதிரே நிஜமான தண்ணீர். அதில் நாரைகள் நின்றன.

"போச்சுடா," என்றான் கிரி.

அவர் திரும்பினார். "தமிழா நீ? தெலுங்குன்னுல்ல நெனச்சேன்."

"இது எங்க பாய்?"

"மியாப்பூர் ஏரி."

"கச்சிபௌலி போகலையா?"

"நக்கோ, போகல. அங்க வேல போயிருச்சு. கேன்டீன்ல ஆளக் கொறச்சுட்டாங்க. வீட்ல சொல்லல. நாலு நாளா பழக்கத்துல கேட் வரைக்கும் போய்ப் பாத்துட்டு வந்தேன். இன்னிக்கு வெறுத்துப்போச்சு."

"கச்சிபௌலிப் பக்கம் திரும்பலன்னு எனக்கு ஒரு சத்தம் குடுத்திருக்கலாம்ல."

"உனக்கு வழி தெரியாதா? கண்ணத் தொறந்துதான ஓட்டுற?" கிரி கண்ணைக் கசக்கினான். "தூங்கிக்கிட்டா வந்த?"

"ஹவ்," என்று அவர் பாஷையிலேயே ஆமாம் போட்டான்.

பாய்க்குச் சிரிப்பு வந்தது. கிரி மணியைப் பார்த்தான். ஏழு ஐம்பத்தைந்து. எட்டரைக்குள் போகாவிட்டால் என்ன ஆகும் என்று சொன்னான்.

"பன்னெண்டு கிலோமீட்டர். வா, காத்த நான் வாங்கிக்கிறேன். என் பேரு இர்பான்."

இர்பான் கொண்டாப்பூர் மேடு வரைக்கும் இழுத்தார். அங்கே மூச்சு வாங்கியது. முழங்கை ஆடியது. கிரி முன்னால் போனான்.

காற்று முகத்தில் அடித்தது. இட்லி வண்டியின் ஆவி, டை கட்டிய பிள்ளைகள், ஒழுகிக்கொண்டே போகும் தண்ணீர் லாரி எல்லாம் அப்போதுதான் சாலையில் கொண்டுவந்து வைத்ததுபோல் இருந்தன. பள்ளத்தைக் கண்டுபிடித்துப் பின்னால் வருகிறவருக்குக் காட்டுவது இப்போது அவன் வேலை. தூக்கம் எந்தச் சிக்னலில் இறங்கிப் போனது என்று தெரியவில்லை.

உள்ளே நுழைந்தபோது எட்டு முப்பத்தாறு.

"ஆறு நிமிஷம்தான்," என்றாள் அனுபமா. "ஆனா உனக்கு விட்டா எல்லாருக்கும் விடணும். திங்கள்லேர்ந்து நைட். கம்பெனி வேன் ராத்திரி ஒன்பதரைக்கு வரும்."

"நைட் பாக்க மாட்டேன்."

"அப்ப வேலையே இல்ல கிரி."

"சரி."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "வீட்ல கேட்டுட்டு சொல்லு."

"கேட்டா பயந்துடுவேன். இப்பவே எழுதித் தரேன்."

பத்து மணிக்கு வெளியே வந்தான். எதிர் டீக்கடையில் இர்பான் இன்னும் உட்கார்ந்திருந்தார். வழக்கமாக வீடு திரும்புவது ஆறு மணிக்கு. அதுவரைக்கும் அவருக்குப் போக இடமில்லை.

"என்னாச்சு?"

"போச்சு."

"என்னாலயா?"

"நான் தூங்கினதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?"

"சாயங்காலம் வரைக்கும் எங்க இருப்ப?"

"வீட்டுக்குப் போறேன் பாய். சொல்லிட்டுத் தூங்கணும்."

இர்பான் காலி கிளாஸைக் கீழே வைத்தார். பிறகு எழுந்து ஹெல்மெட்டை மாட்டினார்.

"போயின்பல்லி வரைக்கும் நானும் வரேன்," என்றார். "என் வீடு அங்கதான். நானும் சொல்லணும்ல."