அரிசி அளவில் ஒரு கைப்பிடி

விஸ்கான்சினில் லோர்னாவுக்கு விரல்கள் சரியாக மடங்குவதில்லை. சனிக்கிழமை கிளப் போட்டிக்குள் அவள் துப்பாக்கிக்குத் தடித்த கைப்பிடி வேண்டும். அண்ணன் வர்ஜில் தன் கம்ப்யூட்டரில் அங்குலக் கணக்கில் வரைந்து அனுப்பினார். அவளுடைய மென்பொருள் அதை மில்லிமீட்டராக எடுத்துக்கொண்டது. பிளாஸ்டிக்கில் பொருளையே அச்சிடும் அவளுடைய 3D பிரிண்டரில் ஓர் அரிசி விழுந்தது.

"அண்ணே, இதை எறும்புதான் பிடிக்கணும்."

"இரு, மாத்தி அனுப்புறேன்."

மாற்றினார். அவளும் தன் பக்கம் மாற்றிவிட்டிருந்தாள். திரையில் கைப்பிடி வாசற்கதவைவிட உயரமாக நின்றது.

"இந்தத் தடவை நீ கைவைக்காதே."

"நீங்களும்தான்."

இருவரும் சொன்னபடியே பழைய அளவுக்கே திரும்பினார்கள். இன்னோர் அரிசி விழுந்தது.

சனிக்கிழமை அவள் பழைய கைப்பிடியில் சைக்கிள் டியூப்பைச் சுற்றிக்கொண்டு சுட்டு, மூன்றாவதாக வந்தாள்.

"என் கைப்பிடி எப்படி இருந்துச்சு?"

"ரெண்டும் சட்டைப்பையிலதான் இருந்துச்சு அண்ணே. கனமே தெரியல."