பெரிய வியாழன் கட்டின கயிறு

பள்ளிக்கூடத்துக்கு எழுபத்தைஞ்சு வருசம், மலர் ஒண்டு போடுறம், பழைய தலைமையாசிரியை நீங்கள், நல்லதாய் ரெண்டு பக்கம் எழுதித் தாங்கோ எண்டு வந்து கேட்டினம். நல்லதாய் எழுத எனக்கு வராது. எமரன்சியா ரீச்சரின்ர ஒழுங்கு, எமரன்சியா ரீச்சரின்ர கண்டிப்பு எண்டு மற்றவையள் எழுதிக் குவிப்பினம், அது எனக்குத் தெரியும். அந்தக் கண்டிப்பு என்ன செய்தது எண்டதை நான் எழுதுறன். போடுறதெண்டால் போடுங்கோ, இல்லாட்டிக் கிழிச்சு எறியுங்கோ.

எண்பத்தாறாம் ஆண்டு. துறைமுகத்துக்கு அங்காலை, கடல் உள்ளுக்கு வந்து தேங்கிற களப்புக் கரையிலை எங்கட பள்ளிக்கூடம். அஞ்சாம் வகுப்பு வரைக்கும்தான். ஒரு நீளக் கட்டிடம், பக்கத்திலை கோயில், ரெண்டுக்கும் நடுவிலை ஒரு வேப்பமரம், அந்த மரத்திலை ஒரு மணி. பூசைக்கும் அதுதான், பாடம் மாறுறதுக்கும் அதுதான். முந்தின வருசம் வீடு வாசலை எரிக்கத் திரியாயிலையிருந்து ஓடிவந்த சனம், பதினொரு குடும்பம், எங்கட வகுப்பறையளுக்குள்ளை இருந்துது. காலமை அதுகளின்ர பாயைச் சுருட்டி வாங்குக்குக் கீழை தள்ளிப்போட்டுத்தான் அரிவரிப் பிள்ளையளுக்கு ஆனா ஆவன்னா சொல்லிக் குடுக்கிறது.

அந்த மணிக்கு மூண்டாவது வேலை ஒண்டும் வந்து சேர்ந்தது. சந்தியிலை நேவி ட்றக் திரும்பினால் விடாமல் அடிக்கவேணும். சத்தம் கேட்டால் ஆம்பிளையள் பின்பக்கத்தாலை கண்டல் பத்தைக்குள்ளை இறங்கி, தோணியிலை அக்கரைக்குப் போயிடுவினம். ரோட்டு முழுக்கக் கிடங்கும் பள்ளமும், சந்தியிலையிருந்து ட்றக் எங்கட படலைக்கு வர ஆறேழு நிமிசம் பிடிக்கும். ஓடித் தப்ப அது காணும். தையிலையும் மாசியிலையுமாய் மூண்டு தரம் வந்தாங்கள். மூண்டு தரமும் பொம்பிளையளையும் பிள்ளையளையும் பார்த்திட்டுத் திரும்பிப் போனாங்கள்.

மணி அடிக்கிறது இராசையா அண்ணை. அவர்தான் கோயில் சங்கிலித்தாம். பூசைச் சாமான் எடுத்து வைக்கிறது, மெழுகுதிரி கொளுத்துறது, படலையிலை காவல், எல்லாம் அந்த ஒரு மனிசன்தான். முழங்கால் வருத்தக்காரன். அதாலை பாடம் மாறுற மணியைத் தயாபரியிட்டைக் குடுத்திட்டார். தயாபரி நாலாம் வகுப்பு, திரியாய் யோகலிங்கத்தின்ர மகள், சைவப் பிள்ளை. ஒரு நிமிசம் முந்தமாட்டாள், ஒரு நிமிசம் பிந்தமாட்டாள். எங்கட கத்தோலிக்கக் குரங்குகள் பூசைக்குள்ளையே ஒண்டையொண்டு கிள்ளிக்கொண்டு நிக்குங்கள். இவள் கோயில் வாசலிலை கழட்டுற செருப்பைக்கூட நேராய் அடுக்கி வைப்பாள். இருக்க இடம் தந்த சனத்தின்ர சாமிக்குப் பிழை விட்டிடக் கூடாது எண்டு ஒரு பயம் அவளுக்கு.

எனக்கும் ஒரு பயம் இருந்தது. அதின்ர பேர் யூஜின். என்ர தம்பி, இருபத்திரண்டு வயசு. அம்மா சாகேக்கை என்ர கையிலை பிடிச்சுத் தந்திட்டுப் போன பிள்ளை. நான் கலியாணம் செய்யேல்லை, எனக்கெண்டு இருந்தது அவன் ஒருத்தன்தான். இயக்கம் கியக்கம் ஒண்டுமில்லை, படகு மோட்டார் திருத்துறவன். மோட்டார் ஒண்டைக் கழட்டிப்போட்டான் எண்டால் சோறு தண்ணி வேண்டாம். மாசி பிறந்த நாள் முதல் அவனுக்கு அக்கரையிலைதான் படுக்கை. பரிசுத்த வாரத்துக்கு வீட்டுக்கு வா எண்டு ஆள் மேலை ஆள் அனுப்பினன். புதன்கிழமை வந்து குசினி வாசலிலை நிண்டான்.

"அக்கா, எனக்கு இஞ்சை இருக்கப் பயமாய்க் கிடக்கு. நான் ஞாயிற்றுக்கிழமை வாறனே."

"பெரிய வெள்ளிக்குச் சிலுவை முத்தி செய்யாதவன் என்ன கிறிஸ்தவன்? மணி இருக்குத்தானே, பிறகென்னடா பயம்?"

"ஓம், மணி இருக்குத்தான்," எண்டு சிரிச்சான். சட்டியைத் திறந்து பார்த்தான், இருந்திட்டான்.

எங்கட வழக்கம் ஒண்டு இருக்கு. பெரிய வியாழன் பூசையிலை 'உன்னதங்களிலே' பாடேக்கை மணி அடிச்சு ஓயும். பிறகு சனிக்கிழமைப் பூசையிலை அதே பாட்டு வருமட்டும் மணி வாய் திறக்காது. ஆண்டவர் பாடுபட்டு இறந்து கிடக்கிற நாளெல்லோ. பழக்கதோசத்திலை பிள்ளையள் இழுத்துப்போடுங்கள் எண்டு கயிற்றைச் சுருட்டி மேலை கிளையோடை கட்டிவிடுறது என்ர வேலை. இருபது வருசமாய்க் கட்டின கை, அந்த வருசமும் கட்டிச்சுது. ட்றக் வந்தால் என்ன செய்யிறது எண்டு எனக்கு யோசனை வரேல்லையோ? வந்தது. ஆபத்தெண்டால் இராசையா அண்ணை அறுத்தெண்டாலும் அடிப்பார், பெரிய மனிசனுக்கு இதை நான் சொல்லவேணுமோ எண்டு விட்டிட்டன்.

அண்டைக்குப் பூசை முடிஞ்சு, பொழுதுபட ஆறு மணிக்குப் பார்க்கிறன், தயாபரி ஒரு வாங்கை இழுத்துப் போட்டு ஏறி நிண்டு முடிச்சை அவிழ்க்கிறாள். ஒவ்வொரு நாளும் ஆறு மணிக்குச் செபத்துக்கு மணி அடிக்கிறது, இராசையா அண்ணைக்குக் கால் ஏலாது, அதாலை தான் அடிச்சுவிடுவம் எண்டு அவளின்ர எண்ணம். எனக்கு வந்ததே கோவம்! பூசை முழுக்க எங்கட குரங்குகள் சிரிச்சு என்ர மானத்தை வாங்கினது, அந்தக் கோவமும் சேர்ந்துது. இழுத்து இறக்கி, எல்லாருக்கும் முன்னாலை கன்னத்தைப் பொத்தி ஒண்டு குடுத்தன்.

"சனிக்கிழமை நான் சொல்லுமட்டும் இந்தக் கயிற்றிலை ஒருதரும் கை வைக்கக் கூடாது. வானம் இடிஞ்சு விழுந்தாலும் கூடாது. விளங்கிச்சோ?"

"ஓம் ரீச்சர்."

அழேல்லை. அவளின்ர தாய் அன்னலட்சுமி எட்டி நிண்டு பார்த்தவ. "நல்லாய்க் குடுங்கோ ரீச்சர், அப்பதான் சொல்வழி கேப்பாள்," எண்டா.

அடுத்த நாள் பெரிய வெள்ளி, பின்னேரம் மூண்டு மணி. கோயில் நிறைஞ்சு வாசல் வரைக்கும் சனம். யூஜின் ஆம்பிளையள் பக்கம் மூண்டாவது வரிசையிலை, நான் தேய்ச்சுக் குடுத்த வெள்ளைச் சேட்டோடை. திரியாய் ஆம்பிளையள் வகுப்பறைக்குள்ளை. யோகலிங்கம் காய்ச்சலோடை படுத்திருந்தவர். படலையிலை இராசையா அண்ணை காவல். ஆண்டவரின்ர சிலுவையை முத்தமிடுற சிலுவை முத்தி தொடங்கினதும் அந்த மனிசனுக்கு மனம் கேக்கேல்லை. அறுபது வருசம் ஒரு வருசமும் தவறாமல் முத்தி செய்தவர். தயாபரியைக் கூப்பிட்டு, "பிள்ளை, ஒரு அஞ்சு நிமிசம் ரோட்டைப் பார்த்துக்கொள்," எண்டு சொல்லிப்போட்டு உள்ளுக்கு வந்து வரிசையிலை நிண்டார். நான் கண்டனான். பாவம் கிழவன், கும்பிடட்டும் எண்டு பேசாமல் இருந்தனான்.

என்ர முறை வந்தது. சிலுவைக்கு முன்னாலை முழந்தாளிலை நிண்டு, பாதத்திலை முத்தி செய்யக் குனியேக்கை தோளிலை ஒரு விரல் பட்டுது. திரும்பினால் தயாபரி. வெறுங்கால், ரெண்டு கையும் கும்பிட்டபடி, மூச்சு வாங்குது.

"ரீச்சர்..."

கோயிலுக்குள்ளை, அதுவும் சிலுவை முத்தி நேரத்திலை கதைக்கிறதோ? விரலை வாயிலை வைச்சு "ஸ்ஸ்" எண்டன். கண்ணை உருட்டி ஒரு முறைப்பும் முறைச்சன்.

பிள்ளை வாயை மூடிச்சுது. என்னைப் பார்த்து, நான் செய்யிற மாதிரியே பக்கத்திலை முழந்தாளிலை நிண்டுது. நான் முத்தி செய்தன். ஆண்டவரின்ர அஞ்சு காயத்துக்கும் அஞ்சு பரலோக மந்திரம் சொன்னன், அவசரப்படாமல், ஒவ்வொரு சொல்லாய். யூஜினுக்காகத்தான் சொன்னனான். ஆண்டவரே, இவனை மட்டும் எனக்கு விட்டு வையும் எண்டு. பிறகு ஆறுதலாய் எழும்பி, அவளின்ர காதிலை பிடிச்சுத் தூண் பக்கம் கொண்டு போனன்.

"என்னடி?"

"ரீச்சர், சந்தியிலை மூண்டு ட்றக் திரும்பினது. மணி அடிக்கலாமோ?"

நான் கத்தினதாய்ச் சொல்லுகினம். எனக்கு நினைவில்லை. பின் கதவாலை முதல் ஓடினவன் நேவிக்காரன்ர துவக்கு நுனியிலை போய் முட்டினான். அதுக்குள்ளை சுத்தி வளைச்சுப் போட்டாங்கள். கோயிலிலையும் வகுப்பறையிலையுமாய்ப் பதினேழு பேரை ஏத்தினாங்கள். காய்ச்சல்காரன் யோகலிங்கத்தைப் போர்வையோடை ஏத்தினாங்கள். முழங்கால் மடிக்க ஏலாத இராசையா அண்ணையையும் விடேல்லை. பூசை வைக்கிற சுவாமி குறுக்கே போய் நிண்டார், அவரைப் பிடிச்சுத் தள்ளினாங்கள். யூஜின் ஏறேக்கை என்னைப் பார்க்கேல்லை. மரத்தைப் பார்த்தான். கயிறு நான் கட்டினபடியே மேலை கிடந்தது.

பதினேழு பேரிலை ஒருதரும் இண்டைவரைக்கும் திரும்பி வரேல்லை. அடுத்த நாள் காலமை நேவி முகாம் வாசலிலை போய் நிண்டம். அப்பிடி ஒருதரையும் இஞ்சை கொண்டு வரேல்லை எண்டான் ஒருத்தன். அதுதான் அண்டைக்குச் சொன்னது, பிறகு நாங்கள் போன எல்லா இடத்திலையும் சொன்னதும் அதுதான்.

திரும்பி வந்து பார்த்தால் முற்றத்திலை அன்னலட்சுமி மகளைப் போட்டு அடிக்கிறா. விளக்குமாத்துக் கட்டாலை, முகம் எண்டும் பாராமல்.

"கண்ணாலை கண்டனியெல்லே! கண்டிட்டு ஏனடி அடிக்கேல்லை? பெத்த கொப்பரைத் திண்டிட்டியேடி!"

எங்கட சனம் சுத்தி நிண்டு பார்த்துது. "சின்னனை நம்பி விட்டது பிழைதானே," எண்டுது ஒண்டு. "வேறை சாமியைக் கும்பிடுறதுகளுக்கு எங்கட மணியைக் குடுத்தால் இப்பிடித்தான்," எண்டுது இன்னொண்டு. தூ! முந்தின நாள் சிலுவையை முத்தி செய்த வாயள்.

தயாபரி என்னைப் பார்த்தாள். ரீச்சர்தான் கூடாதெண்டு சொன்னவ எண்டு ஒரு சொல் சொல்லியிருந்தால் அடி நிண்டிருக்கும். அவள் சொல்லேல்லை. அவள் சொல்லாட்டி நான் சொல்லவேணும். நானும் சொல்லேல்லை. சொந்தத் தம்பியை இழுத்துக் கொண்டுவந்து குடுத்தவள் இவள்தான் எண்டு ஊர் சொல்லும், பயந்திட்டன். முப்பது பிள்ளையளை வரிசையிலை நிப்பாட்டிப் பொய் சொல்லாதேங்கோ எண்டு படிப்பிச்சவள் நான், குடையை மடக்கிக்கொண்டு என்ர வீட்டுக்குள்ளை போய்க் கதவைச் சாத்தினன்.

ஊரடங்குச் சட்டம் எண்டபடியால் சனிக்கிழமைப் பூசை பின்னேரம் நாலு மணிக்கு. கோயிலுக்குள்ளை பொம்பிளையள், பிள்ளையள், நாலைஞ்சு கிழடுகள். ஆம்பிளையள் பக்கத்து வாங்குகள் வெறுமையாய்க் கிடந்தது. சுவாமி நெத்தியிலை கட்டுப் போட்டபடி 'உன்னதங்களிலே' எண்டு தொடங்கினார். மணி அடிக்கேல்லை. அடிக்க ஆர் இருக்கினம்? பாட்டு தட்டுத்தடுமாறிப் போகுது, சுவாமி என்னைப் பார்க்கிறார். எழும்பி வெளியிலை போனன்.

தயாபரி வேப்பமரத்துக்குக் கீழை அந்த வாங்கிலை குந்திக்கொண்டிருந்தாள். ஒரு கண் வீங்கி மூடிப்போய்க் கிடந்தது. என்னைக் கண்டதும் எழும்பி நிண்டாள்.

"ரீச்சர், இப்ப அடிக்கலாமோ?"

வாங்கிலை ஏறி முடிச்சை அவிழ்க்கப் பார்த்தன், முடிச்சு இளகுதில்லை. பல்லாலை கடிச்சு அவிழ்த்தன். கயிற்றை அவளின்ர கையிலை குடுத்து, "அடி பிள்ளை," எண்டன்.

அடிச்சாள். ரெண்டாவது அடிக்கே வகுப்பறைக் கதவு படாரெண்டு திறந்தது. அன்னலட்சுமி தலைமயிரை விரிச்சபடி ஓடி வாறா. "ஓடுங்கோ! ஓடுங்கோ!" எண்டு களப்புப் பக்கம் கையைக் காட்டிக் குழறுறா. அவவுக்குப் பின்னாலை இன்னும் ரெண்டு பொம்பிளையளும் ஓடி வந்து அதையே கத்துதுகள். முற்றத்துக்கு நடுவிலை வந்துதான் நிண்டுதுகள். ஓட அங்கை ஒரு ஆம்பிளை இல்லை.

நான் அவவுக்குக் கிட்டப் போனன்.

"அன்னலட்சுமி, இவள் வந்து என்னட்டைக் கேட்டவள். நான்தான் வாயை மூடு எண்டனான். மணியைத் தொடக் கூடாதெண்டு சொன்னதும் நான்தான்."

அவ கையை ஓங்கினா. அடிக்கட்டும் எண்டு நிண்டன், சத்தியமாய் அந்த அடி எனக்கு வேண்டியிருந்தது. ஓங்கின கை அப்பிடியே நிண்டுது. பிறகு சேலைத் தலைப்பை எடுத்து வாயிலை பொத்தினா.

"நல்லாய்க் குடுங்கோ எண்டு நானும் சொன்னனான் ரீச்சர்," எண்டா.

உள்ளுக்குப் பாட்டு முடிஞ்சு போச்சு. பாட்டோடை மணியும் நிக்கவேணும், அதுதான் முறை. மணி நிக்கேல்லை. திரும்பிப் பார்த்தன். தயாபரி கயிற்றை ரெண்டு கையாலையும் பிடிச்சு, அந்த ஒரு கண்ணாலை என்னையே பார்த்துக்கொண்டு, இழுத்து இழுத்து அடிக்கிறாள். உள்ளங்கை தோல் உரிஞ்சு கயிற்றிலை ரத்தம். நிப்பாட்டு எண்டு நான் சொல்லேல்லை எல்லோ.